ஆப் மூடிட்டா உங்க பணம் எங்க இருக்கும்? யூபிஐ சொல்லித் தரும் பாடம்

போன வீடியோவில் "எந்த ஆப்ல முதலீடு பண்றீங்கங்கிறது முக்கியமில்ல, அது யாரோட ரிஜிஸ்டர்ல பதிவாகுதுங்கிறதுதான் முக்கியம்"னு ஒரு வரி சொல்லிட்டு அவசரமா கடந்து போயிட்டேன். அதை இங்கே நிதானமா பார்க்கலாம். பாடத்துக்கு எடுத்துக்கப்போறது நீங்க தினமும் பத்து தடவை தொடுற விஷயம்: யூபிஐ.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடிக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. கடையில ஒட்டியிருக்கிறது ஒரே ஒரு க்யூஆர் ஸ்டிக்கர், அதை ஒட்டினது ஃபோன்பே. உங்க கையில இருக்கிறது கூகுள் பே. உங்க சம்பளக் கணக்கு எச்டிஎஃப்சி வங்கியில. கடைக்காரர் கணக்கு கனரா வங்கியில. இந்த நாலு பேரும் தொழிலில் ஒருத்தருக்கொருத்தர் போட்டியாளர்கள். ஆனாலும் கண்ணாடி டம்ளர்ல ஐஸ்கிரீம் விழறதுக்குள்ள பணம் போய்ச் சேர்ந்துடுது. யாரும் "எங்க ஆப் இருந்தாதான் வாங்குவோம்"னு சொல்றதில்லை.

இது இயல்பா நடந்ததில்லை. 2016 வரைக்கும் செல்போன் பணம்னாலே வாலட்தான். பேடிஎம் வாலட்ல போட்ட பணம் பேடிஎம் வாலட்டுக்கு மட்டும் போகும், மொபிக்விக்ல போட்டது மொபிக்விக்குக்கு மட்டும். தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில ஒரு ராட்டினத்துக்கு வாங்கின டோக்கன் பக்கத்து ராட்டினத்துல செல்லாதில்லையா, அதே கதை. கடைக்காரர் நாலு ஸ்டிக்கர் ஒட்டணும், நீங்க நாலு ஆப்ல காசு போட்டு வெச்சிருக்கணும். எந்தக் கம்பெனி அதிகக் கடைகளைப் பிடிக்குதோ அதுகிட்ட எல்லாரும் போய்ச் சேருவாங்க. சேர்ந்த பிறகு அது என்ன கட்டணம் வெச்சாலும் வெளியே வர முடியாது.

அந்தப் பாதையில் நாம போகாம தடுத்தது ஒரு பொது விதிமுறை. தொழில்நுட்பத் துறையில் இதைத்தான் ஸ்டாண்டர்ட்னு சொல்றாங்க. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னெடுத்து 2008-ல் உருவான என்பிசிஐ, 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ் கொண்டுவந்தது. அதன் மேல கட்டினதுதான் யூபிஐ. 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் ரகுராம் ராஜன் 21 வங்கிகளோட சோதனை முறையில தொடங்கி வெச்சார். ஆகஸ்ட் கடைசியில வங்கிகளோட ஆப்கள் பொதுமக்களுக்கு வந்தன.

யூபிஐ-யில் ஆப் பணத்தைத் தொடுறதே இல்லை. இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க, மொத்தப் பாடமும் இதுலதான் இருக்கு. நீங்க பின் நம்பர் அடிக்கும்போது, உங்க ஆப் ஒரு செய்தியைத் தன் கூட்டாளி வங்கிக்கு அனுப்புது. அது என்பிசிஐ-யின் சுவிட்சுக்குப் போகுது. சுவிட்ச் உங்க வங்கிகிட்ட "கழி"ன்னும் கடைக்காரர் வங்கிகிட்ட "சேர்"ன்னும் சொல்லுது. பணம் வங்கியிலிருந்து வங்கிக்குப் போகுது. ஆப் வெறும் தபால்காரர். உங்க யூபிஐ ஐடியில் @ குறிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பாருங்க. ஒய்பிஎல்னு இருந்தா யெஸ் வங்கி வழி, ஓகே ஆக்ஸிஸ்னு இருந்தா ஆக்ஸிஸ் வங்கி வழி. தபால்காரர் எந்த ஆபீஸ் பையைத் தூக்கிட்டு வர்றார்னு அந்த வால் பகுதி சொல்லிடும்.

எழுதி வெச்ச விதிக்கு எல்லாரும் உடனே அடங்கிடலை. 2017 ஜனவரியில் ஐசிஐசிஐ வங்கி, ஃபோன்பே வழியா வர்ற பரிவர்த்தனைகளைத் தடுத்து நிறுத்திடுச்சு. (நம்ம ஊர் பாங்க் ஆஃப் மதுரா 2001-ல் போய்க் கலந்தது இந்த வங்கியிலதான்.) ஃபோன்பே அப்போ ஃப்ளிப்கார்ட் கம்பெனி. வங்கி பாதுகாப்புக் காரணம் சொன்னது. இன்னொரு பக்கம், ஃப்ளிப்கார்ட்டில் வேற யூபிஐ ஐடிகளுக்கு இடம் தராம ஃபோன்பே பூட்டி வெச்சிருக்குங்கிற புகாரும் எழுந்தது. என்பிசிஐ தலையிட்டுத்தான் தீர்த்தாங்க. பொது விதி இருந்தாலும், கொஞ்சம் கண் அசந்தா ஒவ்வொருத்தரும் தன் வாசலுக்கு ஒரு தனிப் பூட்டு மாட்டத்தான் பார்ப்பாங்க. தொழில் புத்தி அப்படித்தான், அதுல கோபப்பட ஒண்ணுமில்லை. பூட்டை எடுக்கச் சொல்ல ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான்.

க்யூஆர் ஸ்டிக்கர் விஷயத்துலயும் அப்படித்தான். 2020 அக்டோபர் 22 அன்று ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது: இனி யாரும் தன் ஆப்புக்கு மட்டும் வேலை செய்யும் புது க்யூஆர் வெளியிடக் கூடாது, ஏற்கெனவே இருப்பவற்றை 2022 மார்ச் 31-க்குள் எல்லா ஆப்பும் படிக்கும்படி மாற்றணும். இன்னைக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி விக்கிற அக்காவுக்கு ஒரே அட்டை போதும்னா, காரணம் இந்த உத்தரவு.

சரி, பொது விதி இருந்தா நமக்கு என்ன லாபம்? ரெண்டு சம்பவம் சொல்றேன். ரெண்டுமே நிறைய பேருக்கு வயித்தைக் கலக்கினது.

முதலாவது, 2020 மார்ச் 5. யெஸ் வங்கி மேல ரிசர்வ் வங்கி தடை போட்டது, ஒரு டெபாசிட்தாரர் 50,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது. ஃபோன்பே-க்கு அப்போ கூட்டாளி வங்கி யெஸ் வங்கி ஒண்ணு மட்டும்தான். ராத்திரியோட ராத்திரியா ஃபோன்பே முடங்கிடுச்சு. பழைய வாலட் காலமா இருந்தா கோடிக்கணக்கான பேர் பணம் உள்ளே மாட்டியிருக்கும். ஆனா ஃபோன்பே வெறும் தபால்காரர், பணம் அவங்கவங்க வங்கியில பத்திரமா இருந்தது. அவசரத்துக்கு கூகுள் பே இறக்கி, அதே வங்கிக் கணக்கை இணைச்சு வேலையைப் பார்த்தாங்க. ஃபோன்பே-யும் ஏறக்குறைய ஒரே நாளில் வேற வங்கிக்கு மாறி திரும்ப வந்துடுச்சு. எந்த வங்கி தெரியுமா? ஐசிஐசிஐ. மூணு வருஷம் முன்னாடி கதவைச் சாத்தின அதே வங்கி! விதி பொதுவா இருந்ததால மாறுறது சுலபமா இருந்தது. அப்புறம் ஃபோன்பே ஒரே வங்கியை நம்பாம ஐசிஐசிஐ, ஆக்ஸிஸ்னு பல வங்கிகளை வெச்சுக்கிச்சு. ஐபிஎல், ஏஎக்ஸ்எல்னு முடியுற ஐடிகள் வந்தது அப்படித்தான்.

இரண்டாவது, 2024. ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மேல ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதிச்சது. கடைசித் தேதி மார்ச் 15. இங்கே ஒரே கம்பெனியோட ரெண்டு சேவைகளுக்கு நடந்ததைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

பேடிஎம் யூபிஐ நிக்கலை. மார்ச் 14 அன்று என்பிசிஐ அனுமதி கொடுத்து, ஆக்ஸிஸ், எச்டிஎஃப்சி, ஸ்டேட் பேங்க், யெஸ்னு நாலு வங்கிகள் வழியா ஓட ஆரம்பிச்சது. பயன்படுத்தினவங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியலை.

பேடிஎம் ஃபாஸ்டேக் ஒட்டின கார்க்காரங்க நிலைமை வேற. மார்ச் 15-க்கு அப்புறம் அதுல ரீசார்ஜ் பண்ண முடியாது. இருக்கிற பாக்கியை ஓட்டித் தீர்க்கலாம், இல்லைன்னா கணக்கை மூடி ரீஃபண்ட் கேட்கலாம். பாக்கியை இன்னொரு வங்கியின் டேக்குக்கு மாத்திக்க வழியில்லை. கண்ணாடியில இருக்கிற ஸ்டிக்கரை சுரண்டி எடுத்துட்டு, வேற வங்கியில புதுசா கேஒய்சி கொடுத்து, புது டேக் வாங்கணும். திருமங்கலம் பக்கத்துல இருந்து ஆபீசுக்கு தினமும் கப்பலூர் டோல்கேட் தாண்டி வர்றவங்களுக்கு அது எவ்வளவு தலைவலின்னு கேட்டுப் பாருங்க. ஏற்கெனவே அந்த டோல்கேட் பேரைச் சொன்னாலே நம்ம ஊர்ல ஒரு போராட்டம் ஞாபகம் வரும்.

ஃபாஸ்டேக்குக்கும் பொது விதி இருக்கத்தான் செய்யுது. எந்த வங்கி டேக்கா இருந்தாலும் எந்த டோல்கேட்டும் படிக்கும். ஆனா அந்தப் பொதுத்தன்மை டோல்கேட் கருவி வரைக்கும்தான். டேக்குக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு, அதைக் கொடுத்த வங்கியோட கட்டிப் போட்டிருக்கு. அதனால "இதுல ஸ்டாண்டர்ட் இருக்கா?"ன்னு கேட்டா போதாது, "எந்த இடம் வரைக்கும் இருக்கு?"ன்னு கேட்கணும். நீங்க வெளியே போற வாசல் வரைக்கும் இருக்கணும்.

யூபிஐ-யைப் புகழ்ந்தே முடிச்சுட்டா அது பாடம் ஆகாது. பொது விதி வந்துட்டா போட்டி தானா வந்துடும்னு நினைக்கிறாங்க. வரலை. 2023 ஆகஸ்டில் மாசத்துக்கு 1,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டின யூபிஐ, 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைத் தொட்டது. அதுல ஃபோன்பே-யும் கூகுள் பே-யும் சேர்ந்து ஐந்தில் நாலு பங்குக்கு மேல. எந்த ஒரு ஆப்பும் 30 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு என்பிசிஐ 2020 நவம்பரில் அறிவிச்சது. ஏற்கெனவே பெரிசா இருந்தவங்களுக்கு 2022 கடைசி வரைக்கும் அவகாசம். அதை 2024 கடைசிக்குத் தள்ளினாங்க, அப்புறம் 2026 டிசம்பர் 31-க்கு. ஏன் தள்ளிக்கிட்டே போறாங்கன்னு யோசிச்சா புரியும்: நாளைக்குக் காலையில ஃபோன்பே புது ஆட்களைச் சேர்க்கக் கூடாதுன்னா, அத்தனை பேரும் எங்க போவாங்க?

ஒரு ஆடிட்டராப் பார்த்தா எனக்குத் தெரியற காரணம் வேற. 2020 ஜனவரி 1 முதல் யூபிஐ-க்கு எம்டிஆர் பூஜ்யம், அதாவது கடைக்காரர்கிட்ட கமிஷன் வாங்க முடியாது. நமக்கு நல்லதுதான். ஆனா ஒரு பரிவர்த்தனைக்கு ஒரு பைசாவும் வராத தொழிலில், புதுசா ஒரு சின்னக் கம்பெனி எப்படி நுழையும்? அரசு ஊக்கத்தொகை தருது, 2024-25 நிதியாண்டுக்கு ஒதுக்கினது சுமார் 1,500 கோடி ரூபாய். நாடு முழுக்க இத்தனை வங்கிகளும் ஆப்களும் பங்கு போட்டா ஆளுக்கு எவ்வளவு மிஞ்சும்? பல வருஷம் நஷ்டத்தைத் தாங்கக்கூடிய பெரிய கைகள்தான் நிக்க முடியும்.

நின்னவங்க எங்க சம்பாதிக்கிறாங்க? அதே ஆப்பைத் திறந்து கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்க. ரீசார்ஜுக்கு பிளாட்ஃபார்ம் கட்டணம், பர்சனல் லோன், இன்சூரன்ஸ், டிஜிட்டல் கோல்டு. பணம் அனுப்புறது திறந்த மைதானம், அங்கே கட்டணம் வெச்சா நீங்க அடுத்த நிமிஷம் வேற ஆப்புக்குப் போயிடுவீங்க. அதனால அங்கே இலவசம். லாபம் வர்ற இடங்களுக்குப் போகப் போக வேலி வர ஆரம்பிக்குது. உங்க சம்பளம் மாட்டப்போறது அந்த வேலிக்குள்ளதான்.

டிஜிட்டல் கோல்டையே எடுத்துக்கலாம், இளைஞர்கள்தான் இதை அதிகம் வாங்குறாங்க. தீபாவளிக்கு ஒரு ஆப்ல 10,000 ரூபாய்க்கு வாங்குறீங்க. உள்ளே 3% ஜிஎஸ்டி இருக்கு, 291 ரூபாய் போச்சு. மிச்சம் 9,709 ரூபாய்க்குத்தான் தங்கம். அன்னைக்கே விற்கப் போனா, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் ஒரு இடைவெளி இருக்கும். அது 3%னு வெச்சுக்குவோம், கைக்கு வர்றது சுமார் 9,418. தங்கம் விலை ஒரு பைசா மாறாமலே 582 ரூபாய் காலி. சரி, விலை சரியில்லை, வேற ஆள்கிட்ட விற்கலாமே? முடியாது. அந்தத் தங்கம் அந்தக் கம்பெனியோட ஏட்டில் மட்டும்தான் இருக்கு. ஒரே ஒரு ஆள் விலை சொல்றார், அவர்கிட்டதான் விற்கணும். மேலே கேட்க செபியும் கிடையாது, இந்தப் பொருள் அதன் கட்டுப்பாட்டுக்குள்ள வர்றதில்லை. 2021 செப்டம்பர் 10-க்குப் பிறகு பங்குத் தரகர்கள் டிஜிட்டல் கோல்டு விற்கக் கூடாதுன்னு தேசிய பங்குச் சந்தை சொன்னதே அதனாலதான்.

இதே தங்கத்தை கோல்டு ஈடிஎஃப்-ஆ வாங்கினா, அந்த யூனிட்டுக்கு ஐஎஸ்ஐஎன்னு 12 எழுத்து எண் இருக்கும். நாட்டுல எந்த புரோக்கருக்கும் அது புரியும். பதிவு இருக்கிறது உங்க புரோக்கர் ஆப்ல இல்லை, சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல்லில். வாங்குறவங்களும் விற்கிறவங்களும் சந்தையில ஆயிரம் பேர், அதனால விலை இடைவெளி பைசாக் கணக்குல இருக்கும். வாங்கும்போது 3% ஜிஎஸ்டி கிடையாது. ஃபண்ட் கம்பெனிக்கு வருஷச் செலவு உண்டு, அது 1%-க்குள்ள. பத்து வருஷம் வெச்சிருந்தா அதுவும் சேரும், மறைக்க வேண்டாம். நகையா செய்யணும்னா ஈடிஎஃப் உதவாது, தெற்காவணி மூல வீதிதான் போகணும். ஆனா பிடிக்கலைன்னா எந்த நாளும் வெளியே வரலாம்.

உங்க பங்குகளுக்கும் இதே தர்க்கம்தான். புரோக்கர் ஆப் பிடிக்கலைன்னா விற்க வேண்டியதில்லை, டீமேட்டை அப்படியே இன்னொரு புரோக்கருக்கு மாத்தலாம். கணக்கை முழுசா மூடி, அதே பேர்ல இருக்கிற வேற கணக்குக்கு மாத்தினா மாற்றுக் கட்டணம் வாங்கக் கூடாது. பங்குத் தரகுக் கட்டணம் இவ்வளவு கீழே வந்ததுக்குப் பின்னாடி இந்த வெளியேறும் வசதிக்குப் பெரிய பங்கு இருக்குங்கிறது என் அபிப்பிராயம்.

இப்போ பெரிய தொகை. வீட்டுக் கடன். இது செல்போன் சமாச்சாரம் இல்லை, ஆனா பூட்டு அதே பூட்டு. 2019 அக்டோபர் 1-க்கு முன்னாடி ஒவ்வொரு வங்கியும் தன் சொந்த அளவுகோல் வெச்சு வட்டி சொன்னது. ஒப்பிடவே முடியாது, ஆளாளுக்கு ஒரு படி வெச்சு அரிசி அளந்த மாதிரி. அந்தத் தேதியிலிருந்து புது ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்களை வங்கிகள் வெளி அளவுகோலோட இணைக்கணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது, பெரும்பாலான வங்கிகள் ரெப்போ விகிதத்தை எடுத்துக்கிட்டாங்க. இப்போ நீங்க கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ரெப்போவுக்கு மேல எவ்வளவு?" இது வங்கிகளுக்கு. வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவங்க பிஎல்ஆர்னு தங்கள் சொந்த அளவுகோலை வெச்சிருக்காங்க. ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை பக்கம் பிளாட் விக்கிறவர் "லோன் நாங்களே ஏற்பாடு பண்றோம் தம்பி"ன்னு சொன்னா, கடன் எந்த அளவுகோல்லன்னு முதல்ல கேளுங்க.

கணக்கு போட்டுக் காட்டறேன். 30 லட்சம், 20 வருஷம். 8.5% வட்டிக்கு மாதத் தவணை சுமார் 26,035. 9.25%-க்கு 27,476. மாசம் 1,441 ரூபாய், மொத்தக் காலத்துக்கும் ஏறக்குறைய 3.46 லட்சம். ரெப்போ இறங்கும்போது உங்க வட்டி இறங்கலைன்னா இந்த வித்தியாசம் தானா உருவாகும். தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைச்சா வங்கிகள் அபராதம் போடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012-லயே சொல்லிடுச்சு. அதனால வாசல் திறந்துதான் இருக்கு. புது வங்கியின் பிராசசிங் கட்டணம், எம்ஓடி பதிவுச் செலவு ரெண்டையும் கூட்டி, எத்தனை மாசத் தவணை மிச்சத்துல அது ஈடாகுதுன்னு பாருங்க. ஒன்றரை வருஷத்துக்குள்ள ஈடானா நான் மாறச் சொல்வேன். மாறப் போறேன்னு கடிதம் கொடுத்தாலே பழைய வங்கி கூப்பிட்டு வட்டியைக் குறைக்கிறதும் உண்டு.

மத்ததெல்லாம் வேகமா. செல்போன் நம்பர் மாத்தாம கம்பெனி மாத்தற வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியில வந்தது. ஹெல்த் இன்சூரன்ஸும் அதே வருஷம் போர்ட் பண்ற வசதிக்கு வந்தது. காத்திருப்புக் காலத்துல நீங்க கழிச்ச வருஷங்களும் கூடவே வரும். ஆனா ரினியூவலுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வேலையை ஆரம்பிங்க, கடைசி வாரத்துல கேட்டா நடக்காது. பிஎஃப்-க்கு 2014 முதல் யூஏஎன் இருக்கு. வேலை மாறும்போது பழைய பிஎஃப்-ஐ எடுத்துச் செலவு பண்றவங்களுக்காகத் தனி வீடியோ வரும், திட்டறதுக்கு.

இந்த வாரம் ஒரு வேலை கொடுக்கறேன். உங்க மெயில்ல கன்சாலிடேட்டட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் தேடுங்க. சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல்லிலிருந்து வந்திருக்கும், பாஸ்வேர்டு உங்க பான் எண், பெரிய எழுத்துல. உங்க பேர்ல இருக்கிற பங்கு, ஈடிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் எந்த ஆப்ல வாங்கியிருந்தாலும் அதுல இருக்கணும். வங்கி டெபாசிட்டும் பிஎஃப்-ம் அதுல வராது. அவற்றுக்கு வங்கி பாஸ்புக்கும் யூஏஎன் பாஸ்புக்கும் இருக்கு. இந்த மூணு இடத்துலயும் இல்லாத ஒண்ணை "முதலீடு"ன்னு நினைச்சு எந்த ஆப்லயாவது வெச்சிருந்தீங்கன்னா, அதை ஒரு தாளில் எழுதுங்க. பக்கத்துல ரெண்டு விஷயம் குறிச்சுக்கோங்க: இதை அந்த ஆப் தவிர வேற யார்கிட்ட விற்க முடியும், இன்னைக்கு விற்றா கைக்கு எவ்வளவு வரும். ரெண்டாவது எண்ணுக்கு ஆப்ல காட்டற "தற்போதைய மதிப்பை" எழுதாதீங்க. விற்கும் பட்டனை அழுத்தி, கடைசித் திரை வரைக்கும் போய், அங்கே வர்ற தொகையை எழுதிட்டு வெளியே வாங்க.